பாட்டியின் புடவையில் பேத்திக்குப் பாவாடை!

உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில், பாச்சை உருண்டை வாசனையோடு, பாட்டியின் பட்டுப் புடவை ஒன்று மடிந்து கிடக்கும். உடுத்திக் கொள்ள முடியாது; மடிப்புக்கு மடிப்பு இற்றுப் போயிருக்கும். தூக்கிப் போடவும் மனம் வராது. கடைசியில் ஒரு நாள் அதைத் தையற்காரரிடம் கொடுத்துப் பேத்திக்குப் பாவாடையாகத் தைத்து விடுகிறீர்கள். கெட்டிக்காரத் தையற்காரராக இருந்தால், சரிகைக் கரை கீழே சுற்றி வரும்படி வெட்டுவார். பார்க்கிறவர்கள் எல்லாம், "அடடே! இது உங்கள் மாமியார் புடவை அல்லவா?" என்று கண்டு பிடித்து விடுவார்கள். அசட்டுத் தையற்காரராக இருந்தாலோ, சரிகையை நடுவில் வெட்டிக் கந்தலாக்கி, அதன் மேல் நாலு கண்ணாடிச் சில்லை ஒட்டி அனுப்பி விடுவார். பாவாடையும் சரியில்லை, புடவையும் போயிற்று!

பழைய பாட்டை எடுத்து, இந்தக் காலத்துத் தாளத்தைக் கட்டி, ஆடுவதற்கென்று புதிதாக வெட்டித் தைத்துக் கொடுக்கிறார்களே, அந்த வேலைக்கு 'ரீமிக்ஸ்' என்று பெயர். கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா, பட்டணத்து நடன விடுதி என்று எங்கே பார்த்தாலும் இப்போது இதுதான். "எங்கள் காலத்துப் பாட்டைக் கொலை செய்கிறார்களே!" என்று அப்பா காதைப் பொத்திக் கொள்கிறார். "பிரமாதம்!" என்று பிள்ளை குதிக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் காப்பித் தம்ளரோடு நின்று விழிப்பவர் நீங்கள். யார் கட்சியில் சேருவது?

இந்த வழக்கை விசாரிக்க நான் எங்கே போனேன் தெரியுமா? கொல்லி மலைக்கு!

"நடன விடுதிப் பாட்டுக்கும் கொல்லி மலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக என்னோடு மேலே ஏறி வாருங்கள்.

எழுபது வளைவு, ஏழு பாட்டு

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லி மலை. அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பமாகின்றன. பத்து, இருபது அல்ல, எழுபது! எண்ணிக் கொண்டே போனால் தலை சுற்றுகிறது. எண்ணாமல் போனால் பயமாக இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் காலையில், எலுமிச்சம் பழத்தை முகர்ந்து கொண்டு, கண்களை இறுக மூடியபடி நான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு முன் ஸீட்டில் ஒரு கிழவி. பக்கத்தில் அவளுடைய பேரன். இருபத்திரண்டு வயதிருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலையாம்; ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் பாட்டுப் போடும் 'டீ ஜே' உத்தியோகமாம். ஆயாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, நோன்பிக்கு ஊருக்குத் திரும்பிக் கொண்டிருந்தான். மடியில் தேங்காய் அளவுக்கு ஓர் ஒலிபெருக்கி. அளவுதான் தேங்காய், சத்தம் யானை!

"தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையேன்" என்றேன்.

"சரிங்க அக்கா" என்று குறைத்தான். பத்து வளைவுக்கு ஒரு பாட்டு வீதம், உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் ஏழு பாட்டுக்கள். இதை விட நல்ல விசாரணை மன்றம் எங்கே கிடைக்கும்? எலுமிச்சம் பழத்தைப் பையில் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக் கொண்டேன்.

முதலில் வந்தது 'ஆசை நூறு வகை'. 1983-ல் 'அடுத்த வாரிசு' படத்துக்காக இளையராஜா மெட்டமைத்து மலேசியா வாசுதேவன் பாடியது. இருபது வருஷம் கழித்து, 2003-ல், 'குறும்பு' படத்துக்காக அதற்குப் புதுச் சட்டை தைத்தவர் யுவன் சங்கர் ராஜா. அப்பாவின் ஜரிகை வேட்டியைப் பிள்ளை எடுத்துக் கட்டிக் கொண்டது போலத்தான்! மூலப் பாட்டின் எலும்பிலேயே ஆட்டம் ஊறியிருந்தது. ஆகையால் புதுத் தாளம் உறுத்தவில்லை. தமிழ்ப் படங்களில் ரீமிக்ஸ் மோகம் இதை ஒட்டித்தான் பிடித்துக் கொண்டது.

இரண்டாவது, 'தொட்டால் பூ மலரும்'. 1964-ல் வந்த 'படகோட்டி'யில் வாலியின் வரிகளுக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. 2004-ல் 'நியூ' படத்துக்காக ஏ. ஆர். ரகுமான் வரிகளை மட்டும் வைத்துக் கொண்டு மெட்டையே மாற்றி விட்டார். இது பாவாடை தைத்தது அல்ல. நூலைப் பிரித்து வேறு புடவை நெய்தது! பழையது போல வேஷம் போடாததால் இதை மன்னிக்கலாம். ஆனால், "தொட்டால்" என்று ஆரம்பித்தவுடன் என் மனசு பழைய மெட்டில் படகேறிப் போய் விட்டதை என்னால் தடுக்க முடியவில்லை.

மூன்றாவது, 'மடை திறந்து'. 1980-ல் 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு. ஓர் ஏழை இசைக் கலைஞனின் கனவு அது. நாளைக்கு உலகம் தன் பாட்டைக் கேட்கும் என்று வயிறு காய்ந்தவன் காண்கிற கனவு. 2006-ல் மலேசியத் தமிழ் இளைஞர்களான யோகி பி, நட்சத்திரா குழுவினர் தங்கள் 'வல்லவன்' தொகுப்பில் இதை எடுத்து, நடுநடுவே தங்கள் கதையைத் தாளத்தோடு பேசினார்கள். மூலப் பாட்டின் கருத்து, பேர் வாங்கத் துடிக்கும் கலைஞன். புதுப் பாட்டின் கருத்தும் அதுவே. சரிகை கலையாமல் வெட்டிய பாவாடை என்றால் இதுதான்! பஸ்ஸில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி கூடத் தாளம் போட்டாள்.

முப்பத்தோராவது வளைவுக்கு அருகில், எதிரே பலா மரத் தடி ஏற்றிய லாரி வந்ததால், பஸ் 'உஸ்' என்று பெருமூச்சு விட்டு நின்று விட்டது. அது வழி விடுவதற்குள் உங்களுக்கு இந்த ரீமிக்ஸ் பிறந்த கதையைச் சொல்லி விடுகிறேன்.

மறதியில் பிறந்த பிள்ளை

மேற்கிந்தியத் தீவுகளில் ஜமைக்கா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே தெருவில் பெரிய பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டுப் போட்டு, ஊரே கூடி ஆடும். 1960-களின் கடைசியில் ஒரு நாள், தட்டு வெட்டும் கூடத்தில் வேலை செய்த ஒருவர் பாடகர்களின் குரலைச் சேர்க்க மறந்து, வெறும் வாத்தியத்தை மட்டும் தட்டில் பதித்து விட்டார். கூட்டத்தில் அந்தத் தட்டைச் சுழல விட்டார்கள். சண்டை வந்திருக்க வேண்டியது. நடந்ததோ வேறு! பாட்டின் வரிகளை ஜனங்களே வாய் விட்டுப் பாடி ஆட ஆரம்பித்து விட்டார்களாம். "ஓஹோ, இதில் விஷயம் இருக்கிறது!" என்று தட்டுக்காரர்கள் கண்டு கொண்டார்கள். கிங் டப்பி என்ற ரேடியோ ரிப்பேர்க்காரர் பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதிரொலி சேர்த்து, ஒன்றைப் பத்தாக்கினார்.

அடுத்த சம்பவம் நியூயார்க்கில், 1970-களில். ஆடுகிறவர்களுக்கு மூன்று நிமிஷப் பாட்டுப் போதவில்லை. கால் சூடேறுவதற்குள் பாட்டு முடிந்து விடுகிறது! டாம் மோல்டன் என்பவர் பாட்டை வெட்டி ஒட்டி நீளமாக்கினார். ஒரு நாள் கைவசம் சின்னத் தட்டு இல்லாததால் பெரிய தட்டில் பதிய நேர்ந்தது. பெரிய தட்டில் வரிப்பள்ளங்கள் அகன்று விழுந்ததால் முழக்கம் இரட்டிப்பாகக் கேட்டது. நடன விடுதிகளுக்கான பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு அப்படித்தான் வந்ததாம். ஒரு மறதி, ஒரு தட்டுப்பாடு. நம் சமையலறையில் பழங்குழம்பு பிறந்த மாதிரி இல்லை?

"இதெல்லாம் மேல்நாட்டான் கண்டு பிடித்தது" என்று அப்பா உடனே ஆரம்பித்து விட வேண்டாம். மாணிக்கவாசகர் என்ன செய்தார்? உரலில் சுண்ணம் இடிக்கும் பெண்களின் பாட்டிலிருந்து திருப்பொற்சுண்ணம் செய்தார். அம்மானைக் காய் ஆடும் பெண்களின் பாட்டிலிருந்து திருவம்மானை. ஊஞ்சல் பாட்டிலிருந்து திருப்பொன்னூசல். முத்துசாமி தீட்சிதரோ சென்னைப் பட்டணத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்து பாண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுக்களில் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்று சங்கீத சியாமளையைப் பாடி விட்டார். ராஜாவுக்குப் போட்ட சலாம் அம்பாளுக்குப் போய்ச் சேர்ந்தது! ஆகவே பாட்டுக்குச் சட்டை மாற்றுவது குற்றமல்ல. எப்படி மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

லாரி போய் விட்டது. பஸ் உறுமியது. நாலாவது பாட்டு.

'பொன்மகள் வந்தாள்'. 1970-ல் 'சொர்க்கம்' படத்துக்காக எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்தது. 2007-ல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் ரகுமான் புதுப்பித்தார். மூலத்தில் டி. எம். சௌந்தரராஜனின் குரல் மார்பை நிமிர்த்திக் கொண்டு நடந்து வரும்; வாத்தியங்கள் அதற்குக் குடை பிடிக்கும். புதியதில் தாளம் முன்னால் நடக்கிறது. குரல் பின்னால் ஓடி வருகிறது. தையல் சுத்தம், துணியின் மினுமினுப்புத்தான் குறைவு.

ஐந்தாவது, 'மை நேம் இஸ் பில்லா'. 1980-ல் விஸ்வநாதன் இசை. 2007-ல் படமே மறுபிறவி எடுத்த போது யுவன் பாட்டுக்கும் மறுபிறவி கொடுத்தார். கதாநாயகன் தன் பெயரைச் சொல்லிக் கொள்ளும் பாட்டு. பெயர் மாறவில்லை, கோட்டு மாறியிருக்கிறது. குறை சொல்வதற்கில்லை.

ஆறாவது, 'எங்கேயும் எப்போதும்'. சிங்கப்பூருக்குப் போய்க் கச்சேரி செய்யும் இளைஞர்களைப் பற்றிய 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்தில் விஸ்வநாதன் போட்டது. மேடைக்கென்றே பிறந்த உற்சாகம். 2007-ல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் தாளப் பேச்சும் சேர்ந்து கொண்டது. துள்ளுகிற கன்றுக்குட்டிக்குச் சலங்கை கட்டினால் கெட்டா போகும்?

ஏழாவது, 'சக்கு சக்கு வத்திக்குச்சி'. ஆதித்யன் இசையில் 1995-ல் 'அசுரன்' என்ற படத்தில் வந்து, ஏறக்குறைய மறந்தே போனது. 2022-ல் 'விக்ரம்' படத்தில் ஒரு சண்டைக்கு முன்னால் அதைப் போட்டார்கள். மறு நாள் ஊரெல்லாம் அதே பாட்டு! 2023-ல் 'லியோ' வந்ததும், தேவா இசையமைத்த 'கரு கரு கருப்பாயி'க்கு அதே யோகம் அடித்தது. அது 2000-ல் 'ஏழையின் சிரிப்பில்' படத்துப் பாட்டு. இங்கே புதுத் தையலே கிடையாது. பீரோவைத் திறந்து, புடவையை உதறி, "பாருங்கள்!" என்று காட்டியதோடு சரி. சில புடவைகளுக்கு அது போதும்.

"எல்லாப் பாட்டுக்கும் ஏன் தம்பி ஒரே மாதிரி 'தம் தம்' என்று வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆடுறவங்களுக்குக் கால் தவறக் கூடாதுங்களே அக்கா. நிமிஷத்துக்கு 120-லிருந்து 128 அடி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு முரசு. பழைய பாட்டு மெதுவா இருந்தா இழுத்துச் சரி பண்ணிடுவோம்" என்றான். அந்தக் காலத்தில் இசைத்தட்டை வேகமாகச் சுற்றினால் சௌந்தரராஜன் குரல் கூட எலிக்குஞ்சு மாதிரி ஆகி விடும். இப்போது கம்ப்யூட்டர் சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றித் தருகிறது. பாட்டிலிருந்து குரலைத் தனியாக உரித்தும் கொடுத்து விடுகிறது.

அதுவரை வாயே திறக்காத ஆயா, வெற்றிலையை ஒதுக்கிக் கொண்டு சொன்னாள்: "பாட்டு நல்லாத்தான் இருக்குது. மூச்சு விடத்தான் எடம் இல்லே."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

பேர் சொல்லாமல் கொடுத்தவன்

செம்மேட்டில் இறங்கினால் எங்கும் தோரணம். ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசாங்கம் இங்கே வல்வில் ஓரி விழா நடத்துகிறது. வில் வித்தைப் போட்டி உண்டு. கலை நிகழ்ச்சிகள் உண்டு. கடை வீதியில் அன்னாசிப் பழமும் மலை வாழையும் மிளகும் குவிந்திருந்தன. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் ஜனங்கள் சாரி சாரியாகப் போய்க் கொண்டிருந்தார்கள்.

ஓரி யார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தவன் என்று புகழ் பெற்றவன். எனக்குப் பிடித்த கதை அதற்குப் பிறகு வருகிறது. வன்பரணர் அதைப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். காட்டு வழியே பசியோடு வந்த பாணர் கூட்டம், அந்த வேடனைக் கண்டதும், முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று அத்தனை வாத்தியங்களையும் எடுத்து வைத்துக் கொண்டு அங்கேயே ஒரு கச்சேரி செய்கிறது. ஓரிக்கு வெட்கம் வந்து விடுகிறது. தான் இன்னான் என்று சொல்லிக் கொள்ளாமலே மான் கறியும் மதுவும் கொடுத்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து விடுகிறான். இன்னொரு பாட்டில், ஓரியிடம் பரிசு பெற்ற கூத்தர்கள் பசி தீர்ந்த மயக்கத்தில் ஆடலையும் பாடலையும் மறந்தே போனார்கள் என்று சொல்கிறார் புலவர்.

'மடை திறந்து' பாட்டின் பட்டினிக் கலைஞன் ஞாபகம் வந்தான். அவன் ஓரியைச் சந்தித்திருக்கக் கூடாதா?

இந்த மலைக்குச் சங்கீதத்திலும் பங்கு உண்டு. தேவாரப் பண்களில் ஒன்றுக்குக் கொல்லி என்றே பெயர். அப்பர் திருவதிகையில் பாடிய முதற் பதிகம் இந்தப் பண்ணில்தான். இன்று ஓதுவார்கள் அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். பெயர் மாறி, உடை மாறி, ஆயிரத்துச் சொச்சம் வருஷம் தாண்டியும் பதிகம் உயிரோடு இருக்கிறது. ஏன்? யார் பாடினார் என்பதை ஒருவரும் மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பர் பெயரைச் சொல்லித்தான் பாடுகிறார்கள்.

உலக்கையின் மூச்சு

மறு நாள் காலையில் கடை வீதியில் அந்தப் பேரன் என்னைப் பிடித்துக் கொண்டான். "அக்கா, நான் ஒரு புதுப் பாட்டுச் செஞ்சிருக்கேன். வீட்டுக்கு வந்து கேளுங்க" என்று அழைத்துப் போனான். திண்ணையில் ஆயா உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியை முடுக்கினான். 'தம் தம் தம் தம்' என்று முரசு. நடுவில் ஒரு கிழக் குரல். ஆயாவின் குரல்! சாமை குத்தும் போது பாடுகிற பாட்டாம். போன பொங்கலுக்குக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டு போனானாம்.

உலக்கைப் பாட்டு நேற்றைக்கு வந்ததல்ல. வள்ளைப் பாட்டு என்று பெயர் வைத்துச் சிலப்பதிகாரத்திலேயே சேர்த்திருக்கிறார் இளங்கோவடிகள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லி மலையில், பிறகு நிலம் நிலமாகக் குச்சிக் கிழங்கு வந்து விட்டது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டுமே! 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறு தானியங்களைக் காப்பாற்றப் பாடுபட்டது. குத்துவதற்குச் சின்ன மெஷின்களும் வைத்துக் கொடுத்தது.

"மெஷின் வந்ததில் வருத்தமா ஆயா? பாட்டுப் போய் விட்டதே?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டே கண்ணு! சாமை குத்துனவளுக்குத்தான் தோள் வலி தெரியும். மெஷின் வந்தது புண்ணியம்" என்று சிரித்தாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாட்டு அழகாக இருக்கிறது என்பதற்காக மறுபடியும் உலக்கை பிடிக்கச் சொல்ல நாம் யார்? உரல் போய் விட்டது. இனி அந்தப் பாட்டு வாழ வேண்டுமானால் பேரன் தைக்கிற புதுச் சட்டையில்தான் வாழ வேண்டும்.

"பாட்டு எப்படி இருக்கிறது ஆயா?" என்று பேரன் கேட்டான்.

அவள் யோசித்தாள். பிறகு எழுந்து, திண்ணையில் சாத்தியிருந்த தடியை எடுத்து, உலக்கை போலத் தூக்கிக் காட்டினாள். "ஒலக்கை கீழே விழறப்பத்தான் சத்தம். அது மேலே போறப்ப சத்தம் இல்லே, அப்பத்தான் மூச்சு. ஒருத்தி தூக்கறப்ப இன்னொருத்தி எறக்குவா. அந்த எடத்திலேதான் பாட்டு உக்காரும். நீ எல்லா எடத்திலேயும் குத்திப்புட்டே. பாட்டு எங்கே சாமி உக்காரும்?"

நேயர்களே, நான் எத்தனையோ சங்கீத விமரிசனம் படித்திருக்கிறேன். இதற்கு இணையாக ஒன்று படித்ததில்லை! பஸ்ஸில் ஏழு பாட்டுக் கேட்டு நான் தேடிய அளவுகோல் இதுதான். மூலப் பாட்டின் மூச்சுக்கு இடம் விட்ட ரீமிக்ஸ் பிழைக்கிறது. இடம் விடாதது மூன்று மாதத்தில் சாயம் போகிறது.

யார் பெயர் போடுவது?

பேரன் கைப்பேசியைக் காட்டினான். பாட்டுக்கு மேலே பெரிய எழுத்தில் அவனுடைய டீ ஜே பட்டப் பெயர்.

"ஆயா பெயர் எங்கே தம்பி?" என்றேன்.

அவன் திகைத்துப் போனான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்தத் 'தோன்றவில்லை'தான் நாடெங்கும் நடக்கிறது. தன் பெயரைச் சொல்லாமல் கொடுத்தான் ஓரி. பாடினவர் பெயரைச் சொல்லாமல் எடுத்துக் கொள்கிறோம் நாம்!

சட்டம் இருக்கிறது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டுக்கும் மெட்டுக்கும் உரிமை ஆக்கியவர் காலத்துக்குப் பின் 60 வருஷம். ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 வருஷம். 2012-ல் செய்த திருத்தம், சினிமாவுக்கு எழுதிக் கொடுத்தாலும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று உறுதி செய்தது. சட்டப்படி கட்டணம் கட்டி ஒரு பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்ய வேண்டுமானால், அது முதலில் பதிவான வருஷம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். உரியவர் சம்மதமின்றி உருவத்தையும் மாற்றக் கூடாது. பழைய ஒலிப்பதிவையே வெட்டி எடுப்பதானால் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

ஆனாலும் சச்சரவு ஓயவில்லை. 1991-ல் 'குணா' படத்துக்குத் தாம் இசையமைத்த 'கண்மணி அன்போடு' பாட்டு 2024-ல் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' மலையாளப் படத்தில் ஒலித்த போதும், 2025-ல் 'குட் பேட் அக்லி' படத்தில் தம் பழைய பாட்டுக்கள் வந்த போதும் இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். "கம்பெனியிடம் அனுமதி வாங்கினோமே!" என்பது படக்காரர்கள் பக்கத்து நியாயம். "பெற்றவனைக் கேட்டீர்களா?" என்பது இவர் பக்கத்து நியாயம். கல்யாணத்துக்குப் பெண்ணின் சித்தப்பாவிடம் மட்டும் சம்மதம் வாங்கிய மாதிரிதான்!

இன்னொரு விதமாகவும் நடக்கலாம். 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக, காலமான பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மறுபடி உண்டாக்கிப் பாட வைத்தார் ரகுமான். "இறந்தவர் குரலைத் தொடலாமா?" என்று கேள்வி எழுந்தது. குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, உரிய சன்மானமும் கொடுத்து விட்டதாக அவர் பகிரங்கமாகச் சொன்னார். அந்த வித்தை சரியா, தப்பா என்று இன்னும் விவாதிக்கலாம். ஆனால் கேட்டார், கொடுத்தார், பெயரும் சொன்னார். ஓரியின் நாட்டு வழக்கம் அதுதானே?

ஆகவே, அடுத்த முறை உங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் சண்டை போட்டால், நீங்கள் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். "இந்தப் புதுப் பாட்டு, பழைய பாட்டுக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறதா? யார் எழுதியது, யார் பாடியது என்று சொல்லி, அவர்கள் பங்கைக் கொடுத்திருக்கிறதா?" இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அப்பாவையும் எழுப்பி ஆடச் சொல்லுங்கள். இல்லை என்றால் பிள்ளையிடம், "பழைய பாட்டை ஒரு தடவை போடு, கேட்போம்" என்று சொல்லுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தீர்ப்பைக் காதே சொல்லி விடும்.

நான் மலையிறங்கிப் பத்து நாள் கழித்து, திருப்பூரிலிருந்து என் கைப்பேசிக்கு அந்தப் பாட்டு வந்தது. வேகத்தைக் குறைத்திருந்தான். முரசு ஓர் அடி விட்டு ஓர் அடி விழுந்தது. நடுவில் உலக்கை மேலே போகும் நேரத்தில், ஆயாவின் குரல் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பாட்டுக்கு மேலே இரண்டு பெயர்கள். முதலில் ஆயாவின் பெயர். கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், பேரனுடையது.

கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தான்: "பாட்டுக்குக் காசு எதுவும் வந்தா ஆயாவுக்குப் பாதி அக்கா. ஆனா அவங்க இப்பவே வெத்தலைக்கு நூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கிட்டாங்க!"